பர்மிட் அக்கா

தொழிலாளர் துறை வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். எப்போது பார்த்தாலும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கடையில் நிற்பாள். "பர்மிட் அக்கா வந்தாச்சு, இனிமே மெஷினுக்கு மூச்சு விட நேரமில்ல" என்பார். பெயர் அங்கிருந்து குடிவரவுத் துறைக்குப் போயிற்று. செய்தித்துறையின் படிக்கட்டில் ஏறிற்று. ஒருநாள் வீட்டுத் தொலைபேசியில் யாரோ "பர்மிட் அக்கா இருக்காங்களா?" என்று கேட்க, எடுத்த நாத்தனார், "இருக்காங்க. லாரிக்கா, பஸ்ஸுக்கா?" என்று கேட்டாள். நாத்தனார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவள். யாரிடமும் வாய் கொடுக்கத் தயங்காதவள்.

பர்மிட் அக்கா வேலை பார்த்தது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் கிளை அலுவலகத்தில். கிளை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் நிருபர், இன்னொன்றில் இவள். நிருபர் வெளியிலிருந்து வருவார், சில வருஷம் இருப்பார், போவார். அடுத்தவர் வருவார். நாற்காலியும் இவளும் மட்டும் மாறவில்லை.

வெளிநாட்டு நிருபர் ஒருவர் இந்த ஊரில் பேனாவைத் திறக்க மூன்று அனுமதி வேண்டும். செய்தித்துறை தரும் பத்திரிகையாளர் அட்டை, தொழிலாளர் துறை தரும் வேலை அனுமதி, குடிவரவுத் துறை தரும் குடியிருப்பு அனுமதி. வேலை அனுமதி கேட்டால் அட்டை எங்கே என்பார்கள். அட்டை கேட்டால் வேலை அனுமதி எங்கே என்பார்கள். குடிவரவில் இரண்டும் எங்கே என்பார்கள். புதிதாக வரும் நிருபர்கள் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். "நீங்க போட்டோ மட்டும் எடுத்துக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பாள் இவள். எந்த அறையில் எந்த நேரம் எந்த அதிகாரி டீ குடித்து முடித்து நல்ல மனநிலையில் இருப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தற்காலிகக் கடிதம் ஒன்றை இங்கே வாங்கி அங்கே காட்டி, அங்கே வாங்கியதை இங்கே காட்டி, எப்படியோ முடிச்சை அவிழ்த்துவிடுவாள். அவளுடைய கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கியது. ஆனால் அது பத்திரிகையாளர் அட்டை இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு "உதவியாளர்" என்று போட்ட சீட்டுதான் தருவார்கள். அதைக் காட்டினால் துறைக் கட்டடத்துக்குள் நுழையலாம், அவ்வளவுதான்.

செய்தித்துறையில் வெளிநாட்டுப் பிரிவைப் பார்த்த துணை இயக்குநருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் "நாளைக்கு சார்". எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்கம்மா" என்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கசங்காத சட்டை, மேசையில் ஒரு துணித்துண்டு, அதைக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தபடியே பேசுவார். நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தாலும் கடைசியில் அட்டை வந்துவிடும்.

கடைசியாக வந்த நிருபர் ஒரு பெண். நின்றுகொண்டே சாப்பிடுவாள், சத்தமாகச் சிரிப்பாள், படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். ஊர்ப் பேச்சில் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதில் முதலில் கற்றுக்கொண்டது "அக்கா". இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மலைப்பக்கம் இருந்த ஓர் அணையின் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். கீழே ஆற்றோரக் குடியிருப்பில் ஆட்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. சங்கு ஊதி எச்சரித்துவிட்டுத்தான் திறந்தோம் என்றது அரசாங்கம். நிருபர் அங்கே போகவேண்டும் என்றாள். இருவரும் செய்தித்துறைக்குப் போய் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். "நாளைக்கு" என்றார் சார். மறுநாளும் "நாளைக்கு" என்றார். நிருபர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. வாடகைக் காரில் இருவரும் கிளம்பிப் போனார்கள்.

மொழிபெயர்ப்புக்கு அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. "அவங்க இப்படிச் சொல்றாங்க" என்று சொல்லக்கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றே சொல்லவேண்டும். இத்தனை வருஷத்தில் இவள் மந்திரியாகவும் பேசியிருக்கிறாள், திருடனாகவும் பேசியிருக்கிறாள். வாய் தானாகப் பேசும், காது அடுத்த வாக்கியத்துக்குத் தயாராக இருக்கும். மனசுக்கு அங்கே வேலை இல்லை.

ஆற்றோரத்தில், பாதி இடிந்த ஒரு வீட்டின் படியில் உட்கார்ந்து ஒரு பெண் பேசினாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சேறு காய்ந்து வெடித்த தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஸ்கூல் விட்டு வந்தா. கால் கழுவிட்டு வர்றேன்னு எறங்கினா. தெனமும் எறங்கறதுதான். சங்கு ஊதல. ஊதியிருந்தா நான் கூப்பிட்டிருப்பேன். என் கொரல் அவளுக்கு அக்கரையில இருந்தாலும் கேக்கும்."

பர்மிட் அக்கா அதை வெளிநாட்டு மொழியில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் மகள் பள்ளிவிட்டு வந்தாள். நான் கூப்பிட்டிருப்பேன். என் குரல் அவளுக்குக் கேட்கும். குரல் நடுங்கவில்லை, ஒரு சொல் தவறவில்லை. நிருபர் எழுதுவதை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். இவள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அதே போல இன்னும் பல வாசல்கள். புறப்படும்போது அந்தப் பெண் இவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பர்மிட் அக்கா வீட்டுக்கு வந்து குளித்தாள், சாப்பிட உட்கார்ந்தாள். வாயில் போட்டது சோறா காகிதமா என்று தெரியவில்லை. மறுநாளும் அப்படித்தான். அவளுக்கு ஒரே பையன், வெளியூரில் வேலை. அவன் போனில் கூப்பிட்டுச் சம்பள உயர்வு கிடைத்ததைச் சொன்னான். "அப்படியா, நல்லது" என்றாள். "அம்மா, உடம்பு சரியில்லயா?" என்றான். உடம்புக்கு ஒன்றுமில்லை. அதுதான் ஆச்சரியம். தூக்கம் வந்தது, பசி மட்டும் இல்லை. அழுகையும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எல்லாம். தொட்டால் தெரிகிறது, ஆனால் தன்னுடையது மாதிரி இல்லை.

கணவர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியும் குழாயுமாக வந்து, "கைய நீட்டு" என்றார். நீட்டினாள். சாயங்காலம் வந்து சொன்னார்: "உன் ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல."

"அப்ப சரி" என்றாள்.

"அவ ரத்தத்துல இல்லடா" என்றாள் நாத்தனார் அடுப்படியிலிருந்து. எதில் என்று அவளும் சொல்லவில்லை.

செய்தி வெளிவந்தது. சங்கு ஊதப்படவில்லை என்று ஊரே சொன்னது, பத்திரிகையின் முதல் பக்கத்தில். சில வாரங்களில் நிருபரின் அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. வழக்கம்போல விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பரிசீலனையில் இருக்கு" என்றார் நாளைக்கு சார். நாளைக்கு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

எந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி அவள் அனுமதிகளை வாங்கினாளோ, அதே வட்டம் இப்போது பின்பக்கமாகச் சுழன்றது. அட்டை இல்லை, ஆகவே வேலை அனுமதி செல்லாது. வேலை அனுமதி இல்லை, ஆகவே குடியிருக்க முடியாது. யாரும் மறுத்து ஒரு வரிகூட எழுதவில்லை. பின்னிய ஸ்வெட்டரில் ஒரு நூலைப் பிடித்து இழுத்த மாதிரி எல்லாம் தானாகப் பிரிந்து வந்தது. நிருபர் தன் புத்தகங்களைப் பெட்டியில் போட்டாள். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலை இவளிடம் கொடுத்தாள். விமான நிலையத்தில் இவளைக் கட்டிப்பிடித்து, "அக்கா, அக்கா" என்று அழுதாள். பர்மிட் அக்கா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு அவள் கையிலிருந்த பாஸ்போர்ட்டை வாங்கி, வெளியேறும் சீல் குத்த வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பக்கம் இருந்தது.

பத்திரிகை அடுத்த ஆளை நியமித்தது. அவருக்கு விண்ணப்பம் போட்டாள். கொஞ்ச நாளில் நாளைக்கு சாரே போன் செய்து வரச்சொன்னார். இதுவரை அவர் கூப்பிட்டதில்லை.

அறைக்கதவைச் சாத்தச் சொன்னார். டீ வரவழைத்தார். தட்டச்சு செய்த ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். நாலு வரி. அணைக்குக் கீழே எடுத்த பேட்டிகளில், சங்கு ஊதப்பட்டது என்று மக்கள் சொன்னதை, மொழிபெயர்ப்பாளராகிய நான் கவனக்குறைவால் ஊதப்படவில்லை என்று தவறாக மொழிபெயர்த்துவிட்டேன். கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"நீங்க போட்டுட்டீங்கன்னா புது ஆளோட அட்டைய நானே ஒங்க கையில குடுத்துருவேன். மொழிபெயர்ப்புல தப்பு வர்றது சகஜம்தானம்மா. யாரு ஒங்களக் குத்தம் சொல்லப் போறாங்க?"

"நகல் ஒண்ணு குடுங்க சார்" என்றாள்.

"வீட்ல கலந்துக்கிட்டு வாங்க. ஆனா நாளைக்கு நாளைக்குன்னு தள்ள முடியாது" என்றார் நாளைக்கு சார். சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் தடுமாறி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று மதியம் பத்திரிகையின் தலைமை அலுவலகத்தோடு பேசினாள். ஆசிரியர் நல்ல மனிதர். அவளுடைய பாதுகாப்புதான் முதலில் என்றார். கையெழுத்துப் போடுவதால் அவளுக்கு நிம்மதி கிடைக்கும் என்றால் போடலாம், நாங்கள் தப்பாக நினைக்கமாட்டோம் என்றார். போடாவிட்டாலும் தப்பாக நினைக்கமாட்டோம் என்றார். எதைச் செய்தாலும் பின்னால் நிற்போம் என்றார். அவர் நிற்கிற இடம் கடலுக்கு அந்தப் பக்கம். அவர் மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் தாளின் நகலை வைத்தாள். நாத்தனார் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"ஒரு கையெழுத்துதான? நான் எக்ஸ்சேஞ்சுல செய்யாத தப்புக்கெல்லாம் போட்டிருக்கேன். ஒரு தடவ மந்திரிக்கு ராங் நம்பர் குடுத்தது வேற ஒருத்தி, எழுதிக் குடுத்தது நானு. என்ன ஆச்சு? பென்ஷன் வரத்தான செய்யுது?"

"அது ராங் நம்பர், அண்ணி."

"இதுவும் ராங் நம்பர்னு நெனச்சுக்க."

கணவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்றார்.

"எனக்கு ஒண்ணுமே படலயே" என்றாள் அவள். ஒளிவு மறைவில்லாத பேச்சு அது. பயம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை. வேலை போய்விடுமே என்ற கவலை? அதுவும் எங்கோ அடுத்த வீட்டில் யாருக்கோ இருக்கிற மாதிரிதான் இருந்தது. தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள்.

போட்டுவிடுவது என்றுதான் கிளம்பிப் போனாள். அதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அப்படித்தான். சார் தாளை நேராக்கி வைத்தார். தன் பேனாவின் மூடியைத் திறந்து, முனையைத் தன் பக்கம் வைத்து நீட்டினார். அவள் வாங்கினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் கை வைத்தாள். இத்தனை வருஷம் இந்த மேசையில் எத்தனையோ தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட கைதான். அங்கேயே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்து, சரக்கை இறக்கிவிட்டுப் போகும்வரை கிடந்தது.

"என்னம்மா?"

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"தெரியல சார். கை போக மாட்டேங்குது."

"கை போகலன்னு நான் மேல எழுத முடியுமா?"

"முடியாதுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். பிறகு ஃபைலில் "ஒத்துழைக்க மறுப்பு" என்று எழுதினார். அவள் தலைகீழாகவே படித்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே பழகியவளுக்கு அது கைவந்த கலை.

"ஒங்க சீட்டக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

கழுத்திலிருந்து கழற்றினாள். கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் அதை விடுவிக்கும்வரை அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் காவலாளி, "என்ன பர்மிட் அக்கா, வேலை ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சட்டென்று நடந்தது. புது நிருபருக்கு அட்டை கிடைக்கவில்லை. அவர் பக்கத்து நாட்டில் இருந்துகொண்டே இந்த ஊரைப் பற்றியும் எழுதுவார் என்று முடிவாயிற்று. கிளை அலுவலகம் மூடப்பட்டது. ஆசிரியர் உருக்கமாக ஒரு கடிதம் எழுதினார். மேசை நாற்காலிகளைக் கீழே இருந்த கண்ணாடிக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அவள் ஜன்னல்களைத் தாழிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். போலீஸ் வரும் என்று கணவர் சில நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. அவளை அதற்குள் மறந்துவிட்டிருந்தார்கள் போலும்.

வேலை கிடைப்பதும் கஷ்டமாக இல்லை. ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலை. அங்கே வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து போனார்கள். அவர்களுடைய அனுமதிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. பொறியாளர்களுக்கு இரண்டு அனுமதி போதும், அட்டை வேண்டாம். அவர்கள் யாரைப் பற்றியும் எதுவும் எழுதுவதில்லை. ஆகையால் எல்லாம் மளமளவென்று கையில் வந்துவிடும். மீண்டும் அதே ஜெராக்ஸ் கடை, அதே வரிசை. செய்தித்துறைப் பக்கம் மட்டும் போகவேண்டியிருக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் வீட்டு வாசலில் அந்த ஆற்றோரத்துப் பெண் நின்றாள். தோள்பட்டை வலிக்குப் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க வந்தாளாம். ரிசல்ட் சாயங்காலம்தானாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்ததில் நாத்தனார்தான் எடுத்து, பஸ் நம்பர் முதல் சந்தில் திரும்பும் இடம்வரை வழி சொல்லியிருந்தாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது.

சாப்பாடு போட்டார்கள். அந்தப் பெண் கூச்சப்படாமல் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்: "எங்ககிட்டயும் எழுதி வாங்க வந்தாங்கக்கா. சங்கு கேட்டுச்சு, நாங்கதான் கவனிக்காம இருந்துட்டோம்னு. போடறவங்களுக்கு மேட்டுல வீடு தர்றோம்னாங்க. கொஞ்சப் பேரு போட்டாங்க. அவங்களச் சொல்லி என்ன, மழைல எத்தன நாள்தான் கெடக்கறது?"

"நீ போட்டியாம்மா?"

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னுட்டேன். கைநாட்டு வையின்னாங்க. தோள்பட்ட தூக்க முடியலன்னுட்டேன்." தண்ணீரைக் குடித்தாள். "எனக்கு நல்லாவே போடத் தெரியும். தோள்பட்ட அப்புறம் நெசமாவே வலிக்க ஆரம்பிச்சிருச்சு."

நாத்தனார் வெடித்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பர்மிட் அக்காவின் முகமும் சிரிக்கிற மாதிரி இழுபட்டது.

கை கழுவும் இடத்தில் இருவரும் தனியாக இருந்தபோது அந்தப் பெண் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அந்த வெளிநாட்டம்மாகிட்ட நான் பேசப் பேச நீங்க சொன்னீங்கல்ல. 'இவங்க பொண்ணு'ன்னு சொன்னீங்களா, 'என் பொண்ணு'ன்னு சொன்னீங்களா?"

பர்மிட் அக்கா குழாயை மூடினாள். "'என் பொண்ணு'ன்னுதான் சொன்னேன். எங்க வேலைல அப்படித்தான் சொல்லணும்."

"எனக்கு அப்பவே தோணுச்சு. பாஷை புரியல, ஆனா நீங்க என் மூஞ்சியப் பாக்காம எங்கயோ பாத்துட்டுச் சொன்னீங்க." துண்டில் கையைத் துடைத்தாள். "அவ பேரு ஞாபகம் இருக்கா?"

பர்மிட் அக்கா அந்த மகளின் பெயரைச் சொன்னாள். சொன்னபோது தொண்டையில் என்னவோ கொஞ்சம் அசைந்தது. மீன்முள் மாதிரி. விழுங்கினாள், போகவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். நாத்தனார் தன் தோள்பட்டை வலிக்கு என்னென்ன தைலம் தேய்த்தேன் என்ற கதையை ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாள். எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். பஸ் ஏற்றிவிட்டாள்.

இப்போதும் அந்தப் பெண் அவ்வப்போது போன் செய்வாள். மேட்டில் வீடு கிடைக்கவில்லை. ஆனால் தங்கை வீட்டில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் நாத்தனார்தான் எடுப்பாள். ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் அவர்கள் இருவருமே பேசித் தீர்த்துவிடுவார்கள். கடைசியாக இவள் கைக்கு ரிசீவர் வரும்போது கேட்க ஒன்றுதான் மிச்சம் இருக்கும்.

"சாப்டீங்களாக்கா?"

"சாப்டேன்" என்பாள். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும்.